பொத்தானுக்கு இடம் எங்கே?

கணிப்பொறியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்கிறீர்கள். அதைச் சேமிக்காமல் மூட முயன்றால், உடனே சிறிய சாளரம் ஒன்று திரையின் நடுவே தோன்றுகிறது. மேலே ஒரு கேள்வி. கீழே மூன்று பொத்தான்கள். வேண்டிய பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பொத்தான்கள் அந்த இடத்தில் எவ்வாறு வந்து அமர்ந்தன என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அவை எங்கே போகும்? ஆங்கிலச் சொல் இருந்த பொத்தானில் தமிழ்ச் சொல்லை எழுதினால் அது உள்ளே அடங்குமா?

கடைசிக் கேள்வி நம் மொழியைப் பற்றியது. ஆகவே அது நமக்கு முக்கியமானது. அதற்கு விடை காண, கணிப்பொறி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நாஞ்சில் நாட்டில் வழங்கிய ஒரு தொழிலிலிருந்து தொடங்குவோம்.

இரும்புச் சட்டமும் மரத்துண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோட்டாறு இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதி. ஆனால் வணிக ஊர் என்ற அளவில் அது மிகப் பழமையானது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் நில நூலறிஞர் குறிப்பிடும் ‘கொட்டியாரா’ இக்கோட்டாறே என்பது அறிஞர் பலரின் கருத்து. இவ்வூரை ஒட்டிய நாகர்கோவிலில், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மீட் 1818-ஆம் ஆண்டில் பணியாற்றத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஓர் அச்சகமும் ஏற்பட்டது. அன்றைய திருவிதாங்கூர் நாட்டின் மிகப் பழைய அச்சகங்களுள் அது ஒன்றாகும்.

ஈய எழுத்துகளைக் கொண்டு அச்சடித்த காலத்தில் ஒரு பக்கம் எப்படி உருவாயிற்று? அச்சுக்கோப்பவர் இடக்கையில் ஒரு சிறு உலோகத் தட்டைப் பிடித்திருப்பார். வரியின் அகலத்துக்கு ஏற்ப அதன் அளவை முன்பே பொருத்தியிருப்பார். வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அதில் அடுக்குவார். சொற்களுக்கு நடுவே எழுத்தில்லாத வெற்றுத் துண்டுகளை வைப்பார். வரி சற்றுக் குறைந்தால் இடைவெளித் துண்டுகளைத் தடித்தவையாக மாற்றுவார். சற்று மிகுந்தால் மெலிந்தவற்றை வைப்பார். இவ்வாறு ஒவ்வொரு வரியும் ஒரே அகலத்துக்கு வரும்.

பின்னர் வரிகளெல்லாம் சேர்ந்து பக்கமாகும். பக்கத்தைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம் வைக்கப்படும். பக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை மரத்துண்டுகளால் நிரப்பி, ஆப்புகளை இறுக்குவார்கள். அதன்பின் சட்டத்தைத் தூக்கினால் ஆயிரக்கணக்கான துண்டுகளும் ஒரே பலகைபோல் எழும்பும். இறுக்கம் போதாவிட்டால் அத்தனை எழுத்தும் தரையில் சிதறும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘இந்த எழுத்து இடப்புறத்திலிருந்து இத்தனை அங்குலத்தில் இருக்கவேண்டும்’ என்று அச்சுக்கோப்பவர் எந்த எழுத்துக்கும் தனியே அளந்து வைப்பதில்லை. ஒன்றை அடுத்து மற்றொன்று, வரிக்குள் எழுத்து, பக்கத்துக்குள் வரி, சட்டத்துக்குள் பக்கம். எஞ்சிய இடத்தை வெற்றுத் துண்டுகள் பகிர்ந்துகொள்ளும். எழுத்தின் இடம் அதன் அண்டை அயலால் தீர்மானமாகிறது. இந்த எளிய உண்மையைக் கணிப்பொறித் திரை கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

எண்களால் குறித்த இடம்

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ஆம் ஆண்டு ‘ஆல்டோ’ என்னும் கணிப்பொறி உருவாயிற்று. அதன் திரை நுண்புள்ளிகளால் ஆனது. எந்தப் புள்ளியையும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கலாம். ஆகவே திரையில் எழுத்தோடு படமும், சாளரமும், பொத்தானும் வரைய முடிந்தது. 1984-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ‘மெக்கின்டாஷ்’ வந்தது. 1985 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘விண்டோஸ்’ வந்தது. சாளரங்கள் பொதுமக்களின் மேசைக்கு வந்துவிட்டன.

முதல் மெக்கின்டாஷின் திரை, குறுக்கே 512 புள்ளிகளும் நெடுக்கே 342 புள்ளிகளும் கொண்டது. நிரல் எழுதுபவர் சாளரத்திலுள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் நான்கு எண்களைக் கொடுப்பார். மேல் விளிம்பு, இட விளிம்பு, கீழ் விளிம்பு, வல விளிம்பு ஆகியவற்றின் இடத்தை அவை குறிக்கும். பொத்தான் அங்கே தோன்றும். எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே அளவுத் திரை இருந்தபோது இதைவிட எளிய வழி வேறென்ன வேண்டும்?

1991-ஆம் ஆண்டில் ‘விஷுவல் பேசிக்’ வெளிவந்தது. இதில் எண்களைக்கூட நாம் எழுத வேண்டியதில்லை. வெற்றுச் சாளரம் ஒன்றைத் திரையில் வைத்து, பொத்தானைச் சுட்டியால் இழுத்துவந்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும். எண்களைக் கணிப்பொறியே குறித்துக்கொள்ளும். உலகெங்கும் எண்ணற்ற மாணவர்கள் சாளரம் அமைக்கக் கற்றது இம்முறையில்தான். அது பயன்படுத்திய அளவுக்கு ‘ட்விப்’ என்று பெயர். அச்சுத் தொழிலில் ஓர் அங்குலத்தை 72 ‘பாயின்ட்’டுகளாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பாயின்டின் இருபதில் ஒரு பங்கே ட்விப். ஆகவே ஓர் அங்குலத்துக்கு 1,440 ட்விப். அச்சுக்கூடத்தின் அளவுகோல் திரைக்கு வந்துவிட்டது. ஆனால் அச்சுக்கோப்பவரின் முறை இன்னும் வந்துசேரவில்லை.

எண்களால் இடம் குறிப்பதில் மூன்று குறைகள் இருந்தன. சாளரத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். புதிதாகக் கிடைத்த இடம் வீணாகும். பார்வை மங்கியவர் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் சொல், பொத்தானைவிட்டு வெளியே வழியும். மூன்றாவது குறை, மொழி மாறும்போது தெரியவரும்.

வெட்டுப்பட்ட சொல்

ஆங்கிலத்தில் ‘அண்டூ’ என்ற கட்டளைக்கு நான்கே எழுத்துகள். தமிழில் அதற்குச் ‘செயல்தவிர்’ என்ற சொல் வழங்குகிறது. எண்ணிப் பாருங்கள்: ஆறு எழுத்துகள். அவற்றிலும் ‘செ’யின் ஒற்றைக்கொம்பு தனியே இடம் கேட்கிறது. தமிழ் எழுத்துகள் பலவும் ஆங்கில எழுத்துகளைவிட அகலமானவை. ஓர் ஆங்கில எழுத்துக்குச் சராசரியாக 8 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நான்கு எழுத்துக்கு 32 புள்ளி. நிரல் எழுதியவர் சற்றுத் தாராளமாகவே 60 புள்ளி அகலமுள்ள பொத்தானை வரைகிறார். தமிழ் எழுத்துக்குச் சராசரி 14 புள்ளி என்று கொண்டால், ஆறு எழுத்துக்கு 84 புள்ளி தேவை. சொல்லின் வால் வெட்டுப்படும்.

1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதை நீங்கள் அறிவீர்கள். அதனால் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் மேலே ஒரு சுழியோடு ஒரே வடிவமாக எழுதப்பட்டன. இப்போது இணைக்கொம்பு தனியே நிற்கிறது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கும் இதனால் பெரும் நன்மை விளைந்தது. ஆனால் அவ்வெழுத்துகள் முன்னிலும் கூடுதலான அகலத்தைக் கேட்கின்றன. உயரத்திலும் வேறுபாடு உண்டு. ‘கீ’ மேலே வளைகிறது. ‘மூ’ கீழே இறங்குகிறது. ஆங்கில எழுத்துக்கென்று அளந்த உயரம் இவற்றுக்குப் போதாது.

‘வால் வெட்டுப்பட்டால் என்ன, ஊகித்துப் படித்துக்கொள்ளலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். கோட்டாறு கம்போளத்தில் மொத்த வியாபாரக் கடை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கெழுதுபவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அன்றைய வரவு செலவைப் பதிந்து முடித்தவுடன் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றுகின்றன. ஒன்றில் ‘சேமி’ என்றும் மற்றொன்றில் ‘சேமிக்காதே’ என்றும் இருக்கவேண்டும். இரண்டாவது பொத்தானில் இடம் போதாமல், ‘கா’வின் காலும் ‘தே’யும் மறைந்துவிடுகின்றன. எஞ்சுவது ‘சேமிக்க’! அதைச் சேமிக்கும் கட்டளை என்று கருதி அவர் அழுத்தினால், ஒரு நாள் கணக்கு முழுவதும் அழிந்துபோகும்.

ஆங்கிலத்தில் இவ்விடர் இவ்வளவு கொடியதன்று. ‘டோன்ட் சேவ்’ என்னும் தொடரில் மறுப்புச் சொல் முன்னே நிற்கிறது. வால் போனாலும் ‘வேண்டாம்’ என்ற பொருள் தங்கிவிடும். தமிழில் மறுப்பு, வினைச்சொல்லின் இறுதியில் வருகிறது. செய்யாதே, செல்லாது, வேண்டாம் என்னும் சொற்களைப் பாருங்கள். இறுதியை இழந்தால் பொருளே தலைகீழாகிவிடும். ஆகவே பொத்தானின் அகலம் அழகைப் பற்றிய செய்தி மட்டுமாகாது. அது பொருளைப் பற்றிய செய்தியும் ஆகும்.

பெட்டியும் பசையும்

இதற்குத் தீர்வு, எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி அறிஞர் டொனால்டு குனூத், 1977-ஆம் ஆண்டில் தம் நூல் ஒன்றின் மறுபதிப்புக்கான அச்சுப் படிகளைக் கண்டு மனம் வருந்தினார். ஈய எழுத்துக்குப் பதிலாக வந்த புதிய ஒளியச்சு முறையில் பழைய அழகு இல்லை. நல்ல அச்சுக்கோப்பவர் செய்யும் வேலையைக் கணிப்பொறியே செய்யும்படி ‘டெக்’ என்னும் மென்பொருளை உருவாக்க முனைந்தார். அதன் முதல் வடிவம் 1978-இல் இயங்கியது.

டெக்கின் அடிப்படைக் கருத்து இரண்டே சொற்களில் அடங்கும்: பெட்டி, பசை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. எழுத்துகள் சேர்ந்த சொல்லும் பெட்டியே, வரியும் பெட்டியே, பக்கமும் பெட்டியே. பெட்டிகளுக்கு இடையில் இருப்பது பசை. இந்தப் பசைக்கு இயல்பான அளவு ஒன்று உண்டு. தேவைப்பட்டால் எவ்வளவு நீளும், எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு: வரியின் அகலம் 100 அலகு. அதில் உள்ள நான்கு சொற்களின் மொத்த அகலம் 82. சொற்களுக்கு நடுவே மூன்று இடைவெளிகள். ஒவ்வொன்றின் இயல்பான அளவு 5 என்றால் மொத்தம் 15. ஆக, 97. இன்னும் 3 அலகு எஞ்சுகிறது. மூன்று பசைகளும் ஆளுக்கு 1 அலகு நீண்டு 6 ஆகிவிட்டால் வரி சரியாக நிறையும். நாகர்கோவில் அச்சகத்தில் மெலிந்த துண்டை எடுத்துவிட்டுத் தடித்த துண்டை வைத்தவரின் கைத்திறன், இங்கே கணக்காக மாறிவிட்டது!

அச்சுப் பக்கத்துக்குப் பொருந்துவது சாளரத்துக்கும் பொருந்தாதா? அதே ஸ்டான்ஃபோர்டில் மார்க் லின்டன் என்பவரும் அவர் குழுவினரும் 1980-களின் பிற்பகுதியில் ‘இன்டர்வியூஸ்’ என்னும் மென்பொருள் தொகுப்பை உருவாக்கினர். பொத்தானைப் பெட்டியாகவும் இடைவெளியைப் பசையாகவும் கொண்டு, டெக்கின் முறையைச் சாளரத்துக்குள் கொண்டுவந்தனர். 1988-இல் வெளிவந்த ‘நெக்ஸ்ட்’ கணிப்பொறியில், நீளும் இடத்தைச் சுருள்வில்லாகவும் நீளாத இடத்தைக் கம்பியாகவும் குறிக்கும் முறை வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜான் ஓஸ்டர்ஹௌட் உருவாக்கிய ‘டிகே’யில், மூட்டை கட்டுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் முறை அமைந்தது. கருத்து ஒன்றே, வடிவங்கள் பல.

பொத்தானைக் கேட்டு இடம் வைத்தல்

இம்முறையைக் கல்லூரி மாணவர்களிடையே பெரிதும் பரப்பியது 1996-இல் முதற்பதிப்பாக வெளிவந்த ‘ஜாவா’ மொழியாகும். ஒரே நிரல் எல்லா வகைக் கணிப்பொறியிலும் ஓடவேண்டும் என்பது ஜாவாவின் குறிக்கோள். ஆனால் ஒவ்வொரு கணிப்பொறியிலும் எழுத்தின் அளவு வேறு, பொத்தானின் தோற்றம் வேறு. ஆகவே எண்களால் இடம் குறிப்பது அங்கே உதவாது. உறவுகளால் குறிக்கவேண்டும்.

அதன் செயல்முறையைப் பார்ப்போம். சாளரம் தனக்குள் இருக்கும் பலகங்களைக் கேட்கிறது: ‘உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?’ பலகம் தன்னிலுள்ள பொத்தான்களைக் கேட்கிறது. பொத்தான் தன் மேலுள்ள சொல்லை, அப்போதுள்ள எழுத்தில் அளந்து விடை சொல்கிறது. விடைகளைக் கூட்டிப் பலகம் சாளரத்துக்குத் தெரிவிக்கிறது. கேள்வி மேலிருந்து கீழே இறங்குகிறது. விடை கீழிருந்து மேலே ஏறுகிறது. அதன்பின் சாளரம் இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

முன்பு சொன்ன மூன்று பொத்தான்களையே எடுத்துக்கொள்வோம். ‘சேமி’ 50 புள்ளி, ‘சேமிக்காதே’ 90 புள்ளி, ‘கைவிடு’ 60 புள்ளி கேட்கின்றன என்க. ஜாவாவின் சாதாரணப் பலகம் பொத்தான்களை வரிசையாக வைத்து, இடையிலும் இரு ஓரங்களிலும் 5 புள்ளி விடும். ஆக 200-உடன் நான்கு இடைவெளிகளுக்கு 20 சேர்த்து 220 புள்ளி. சாளரம் 300 புள்ளி அகலமானால் பொத்தான்கள் நடுவில் நிற்கும். நாளை ‘சேமிக்காதே’ என்பதற்குப் பதில் ‘சேமிக்க வேண்டாம்’ என்று எழுதினால், அப்பொத்தான் தானே அகன்றுகொள்ளும். நிரலில் வேறொரு வரியையும் தொட வேண்டியதில்லை.

புதிதாகக் கற்கும் மாணவர் ஒருவர், ‘சாளரத்தில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்தேன், ஒன்றுதான் தெரிகிறது. மற்றது எங்கே?’ என்று கேட்பது வழக்கம். ஜாவாவின் சாளரம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்து பகுதிகளாக அமைந்தது. ஒரு பகுதியில் ஒரு பொருளுக்கே இடம். பகுதியைச் சொல்லாவிட்டால் பொருள் நடுவில் சேரும். இரண்டாவது பொத்தானும் நடுவுக்கே வந்ததால் முதலாவது இடமிழந்தது. பரிகாரம் எளிது. பொத்தான்களை ஒரு பலகத்தில் வைத்து, அந்தப் பலகத்தைத் தெற்கே வையுங்கள். எழுத்தை வரியிலும் வரியைப் பக்கத்திலும் வைத்த பழைய ஒழுங்குதான் இது. 1998-இல் ஜாவாவுடன் சேர்ந்த ‘ஸ்விங்’ தொகுப்பில், நீளும் வெற்றிடத்துக்குக் குனூத் சூட்டிய ‘பசை’ என்ற பெயரே வைக்கப்பட்டது.

தமிழ் முகப்பு வந்த வழி

இம்முறையின் பயனைத் தமிழ் நேரடியாகவே பெற்றது. நார்வே நாட்டில் உருவாகி 1995-இல் வெளிவந்த ‘க்யூட்டி’ என்னும் தொகுப்பிலும், அதையடுத்து வந்த ‘ஜிடிகே’ என்னும் தொகுப்பிலும், பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கும் முறையே வழக்கம். முதலாவதன் மேல் 1996-இல் ‘கேடிஇ’ திட்டமும், இரண்டாவதன் மேல் 1997-இல் ‘க்னோம்’ திட்டமும் தொடங்கப்பட்டன. இவை லினக்ஸ் கணிப்பொறிகளுக்கு உரிய இலவச முகப்புகள்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, உலகின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் ஊதியம் எதுவுமின்றி இவற்றைத் தமிழாக்கத் தொடங்கினர். அவர்களிடம் வந்தவை சொற்பட்டியல்கள் மட்டுமே. இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் தமிழ் எழுத வெற்றிடம். பொத்தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று அவர்கள் அறிய வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்கவில்லை. நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் இப்பணியில் பங்குகொள்ள முடியும் என்ற நிலை உண்டாயிற்று. எண்களால் இடம் குறித்த மென்பொருளாக இருந்தால், ஒவ்வொரு சாளரத்தையும் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் கையால் நகர்த்த வேண்டியிருக்கும். 2005 ஏப்ரலில் இந்திய அரசு தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டபோது, தமிழ் முகப்புடன் கூடிய மென்பொருள்கள் பல வீடுகளை எட்டின.

ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. 1963-ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லாந்து என்பவர், கோடுகளுக்கு இடையே உள்ள உறவைச் சொன்னால் கணிப்பொறியே படத்தைத் திருத்தும் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலைச் செய்திருந்தார். அவ்வழியில் வந்த ‘காசோவரி’ என்னும் கணக்கு முறையை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் போர்னிங் முதலியோர் 1990-களின் இறுதியில் உருவாக்கினர். ‘இந்தப் பொத்தான் அதற்கு வலப்புறம் 8 புள்ளியில்’, ‘இரண்டும் சம அகலம்’ என்பன போன்ற விதிகளைச் சமன்பாடுகளாகக் கொண்டு அது விடை காணும். 2011-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளில் இம்முறையைப் புகுத்தியது. கைபேசித் திரைகள் பல அளவுகளில் வந்துவிட்ட பிறகு, உறவுகளால் இடம் குறிப்பது எல்லோருக்கும் இன்றியமையாததாகிவிட்டது.

நீங்கள் செய்து பார்க்கலாம்

கணிப்பொறி கற்கும் மாணவரானால், நீங்கள் அமைக்கும் சாளரத்துக்கு மூன்று சோதனைகளை வைத்துப் பாருங்கள். முதலாவதாக, சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதும் சிறிதும் ஆக்குங்கள். அடுத்து, எழுத்தின் அளவை இரு மடங்காக்குங்கள். முதியவர் ஒருவர் அதைத்தான் செய்யப்போகிறார். இறுதியாக, பொத்தான்களில் ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு ‘சேமிக்க வேண்டாம்’, ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ போன்ற நீண்ட தமிழ்த் தொடர்களை இடுங்கள். எங்கே சொல் வெட்டுப்படுகிறதோ, அங்கே எண்ணால் இடம் குறித்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்த எண்ணை நீக்கிவிட்டு ஓர் உறவை எழுதுங்கள்.

ஈய எழுத்துகள் மறைந்துவிட்டன. அவற்றை இறுக்கிய ஆப்புகளும் பழைய இரும்போடு போய்விட்டன. ஆனால் ஒரு சொல்லுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அந்தச் சொல்லையே அளந்து அறியவேண்டும் என்ற பாடம் மட்டும் மறையவில்லை. அதை மறவாத நிரலில் தமிழுக்கென்று யாரும் தனியே இடம் கேட்க வேண்டியதில்லை. தனக்கு வேண்டிய இடத்தைத் தமிழ் தானே சொல்லிக்கொள்ளும்.